வாயைத் திருத்துமுன் செவியைச் சோதித்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் உச்சரிப்பு கெட்டுவிட்டது என்றும், பெற்றோரின் அக்கறையின்மையும் ஆசிரியர்களின் மெத்தனமுமே அதற்குக் காரணம் என்றும் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அவ்வப்போது கடிதங்கள் வெளிவருகின்றன. எழுதுபவர்களின் மொழிப்பற்றை நான் மதிக்கிறேன். ஆயினும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு வகைப் பிள்ளைகள் அக்கடிதங்களில் ஒன்றாகச் சேர்த்துப் பேசப்படுகிறார்கள். வீட்டில் கேட்ட பேச்சை அப்படியே பள்ளிக்கும் கொண்டுவரும் பிள்ளை ஒரு வகை. எவ்வளவு முயன்றும் தன் வயதுக்கு வந்திருக்க வேண்டிய ஒலிகள் வாயில் வராத, அதாவது பேச்சொலிக் குறைபாடுள்ள, பிள்ளை வேறு வகை. சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில், பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்பை நடத்தும் ஆசிரியை என்ற முறையில், இந்த இரண்டாம் வகைப் பிள்ளைகளுக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதல் வகையைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. தோட்டப்புறத்தில் தலைமுறை தலைமுறையாக வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றே சொல்லி வந்திருக்கிறோம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அதையே சொல்வது, அதன் காதும் நாக்கும் செம்மையாக வேலை செய்கின்றன என்பதற்கே சான்று. ழகரத்தைப் பள்ளியில் கற்றுத்தர வேண்டும். அது எங்கள் கடமை. மலாய்மொழி வகுப்பிலும் இதே நிலைதான். காலைப்பொழுதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லையும், 'கொடு' என்று பொருள்படும் மலாய்ச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பாகி' என்றே வரும். தொண்டை அதிராமல் பிறக்கும் பகரத்துக்கும் அதிர்ந்து பிறக்கும் பகரத்துக்கும் நம் நெடுங்கணக்கில் தனித்தனி எழுத்து இல்லை. முதலாம் ஆண்டில் காலடி வைத்த பிள்ளை அவ்விரண்டையும் குழப்பினால் அதைத் தாய்மொழியின் செல்வாக்கு என்று கொள்ள வேண்டுமே அன்றி, குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது. பல மொழிகள் புழங்கும் வீட்டில் வளர்வதால் பேச்சொலிக் குறைபாடு வந்துவிடாது என்பது இத்துறையில் தெளிவாகிவிட்ட செய்தி. ஆகவே, "வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள், பேச்சு தானாகத் தெளியும்" என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்பவர்கள், படித்தவர்களாகவே இருந்தாலும், தயவுசெய்து அதை விட்டுவிட வேண்டும்.

இரண்டாம் வகைப் பிள்ளைக்கு வருகிறேன். ஐந்து வயது கடந்தும் அது காக்காவைத் 'தாத்தா' என்கிறது. காய் 'தாய்' ஆகிறது. குடை 'துடை' ஆகிறது. நாக்கின் பின்பகுதி மேலெழுந்து அண்ணத்தைத் தொட வேண்டிய ககரத்தை, நுனிநாக்கு பல்லைத் தொட்டுப் பிறக்கும் தகரமாக அது மாற்றிவிடுகிறது. அதுவும் ஏனோதானோவென்று அல்லாமல் ஓர் ஒழுங்கோடு மாற்றுகிறது. இன்னொரு பிள்ளைக்கு ரகரமெல்லாம் லகரம். அதன் வாயில் கரை 'கலை'யாகிறது. மரமோ, வகுப்பே சிரிக்கும்படியான, எழுதக் கூசும் ஒரு சொல்லாகிவிடுகிறது. அப்படிச் சிரிப்புக்கு ஆளான பிள்ளை அதன்பின் ஆசிரியர் கேட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டும். இவர்களைத் திக்குவாய் என்றும் நாக்குத் தடித்தவர்கள் என்றும் ஊரார் சொல்கிறார்கள். திக்குதல் என்பது பேச்சின் ஓட்டம் தடைபடுவது. இவர்களுக்கோ ஓட்டம் தங்குதடையின்றி இருக்கும், ஒலிகள்தாம் மாறிப்போயிருக்கும்.

இரண்டு வயதில் இப்படிப் பேசினால் கவலைப்பட ஒன்றுமில்லை. நான்கு வயதுப் பிள்ளை பேசுவது முன்பின் அறியாதவருக்கும் விளங்க வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் அளவுகோல். 27 மொழிகளைப் பற்றிய 64 ஆய்வுகளை ஒருங்கே எடுத்து ஷரின் மெக்லவுட், கேத்ரின் குரோ ஆகிய இருவரும் 2018இல் வெளியிட்ட கட்டுரை, ஐந்து வயது நிறையும்போது பிள்ளைகள் மெய்யொலிகளில் 93 விழுக்காட்டையாவது சரியாக ஒலிக்கிறார்கள் என்று காட்டியது. அமெரிக்காவில் 1999இல் வெளியான ஓர் ஆய்வு, ஆறு வயதுப் பிள்ளைகளில் 3.8 விழுக்காட்டினருக்குப் பேச்சொலி வளர்ச்சி பின்தங்கியிருப்பதாகக் கணக்கிட்டது. நம் பிள்ளைகளிடமும் ஏறக்குறைய அதே அளவு இருக்குமானால், முதலாம் ஆண்டு வகுப்பு ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு பிள்ளை அமர்ந்திருக்கலாம்.

அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன செய்கிறோம்? "சரியாகச் சொல்லு" என்கிறோம். சொல்ல வராதபோது இன்னும் உரக்கச் சொல்லிக்காட்டி, மறுபடியும் சொல்லச் சொல்கிறோம். வீட்டிலும் இதுதான் நடக்கிறது, பள்ளியிலும் இதுதான் நடக்கிறது. நாம் உரக்கச் சொன்னது அந்தப் பிள்ளையின் காதில் என்னவாக விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. பேச்சு வாயில் தொடங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது காதில் தொடங்குகிறது என்பதை அரை நூற்றாண்டுக்கு மேலான ஆய்வுகள் காட்டியுள்ளன.

1971இல் பீட்டர் ஐமஸ் என்பவரும் அவருடைய குழுவினரும், ஒரு மாதமும் நான்கு மாதமும் ஆன கைக்குழந்தைகளின் வாயில் கருவியோடு இணைத்த ரப்பர் காம்பைக் கொடுத்து, ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துச் சப்பும் வேகம் குறைந்தபோது ஒலியை மாற்றினார்கள். குழந்தைகள் உடனே வேகமாகச் சப்பின. அவை வேறுபடுத்திக் கேட்டவை, முன்பு நான் சொன்ன அதிராத பகரமும் அதிரும் பகரமுமே. 1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் ஆகியோர் செய்த ஆய்வு இன்னும் நமக்கு நெருக்கமானது. ஆங்கிலம் மட்டுமே பேசும் வீடுகளில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள், இந்தியில் உள்ள தகர, டகர வேறுபாட்டைத் தடையின்றி உணர்ந்தன. பத்து, பன்னிரண்டு மாதங்களில் அதே சூழலில் வளர்ந்த குழந்தைகளிடம் அத்திறன் பெரிதும் மங்கிவிட்டது. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் மங்கவில்லை. தமிழிலும் பத்துக்கும் பட்டுக்கும் அந்த வேறுபாடுதான் பொருளைப் பிரித்துத் தருகிறது. முதல் பிறந்தநாளுக்கு முன்பே, ஒரு சொல்லும் தெளிவாகப் பேசாத நிலையில், குழந்தையின் செவி தன் வீட்டு மொழிக்கு ஏற்பப் பண்பட்டுவிடுகிறது என்பதே இதன் பொருள்.

அப்படிச் செவியில் பதிந்த வடிவத்தை முன்வைத்துத்தான் நாக்கு தன் வேலையைக் கற்கிறது. பேசிய மறுகணமே நம் குரலை நாமே கேட்கிறோம், மனத்திலுள்ள வடிவத்தோடு ஒத்துப் பார்க்கிறோம், விலகியிருந்தால் திருத்திக்கொள்கிறோம். பேசுபவரின் உயிரொலியைக் கருவியால் சற்றே மாற்றி அவர் காதுக்கே திருப்பி ஒலிக்கச் செய்தால், அவர் தம்மை அறியாமலே உச்சரிப்பை மாற்றி ஈடுகட்டுகிறார் என்பதை ஜான் ஹூடும் மைக்கேல் ஜோர்டனும் 1998இல் காட்டினார்கள். வளர்ந்தவர்களுக்கே இப்படியென்றால், கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்குச் சொல்லவே வேண்டாம். நாக்கு வேலையாள் என்றால் காது கங்காணி. எது சரி, எது தவறு என்று கங்காணிக்கே தெரியாதபோது வேலையாளை அதட்டி என்ன பயன்?

இங்கே ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் கோளாறு காதில் இருப்பதில்லை. 1960இல் ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரவுனும் பதிவு செய்த உரையாடல் இத்துறையில் மிகவும் பெயர்பெற்றது. ஒரு சிறுவன் தன் பிளாஸ்டிக் மீனை ஆங்கிலத்தில் 'ஃபிஷ்' என்று சொல்ல வராமல் 'ஃபிஸ்' என்றான். பெரியவர் அவனைப் போலவே 'ஃபிஸ்' என்று சொல்லிக் கேட்டபோது, இல்லை என்று மறுத்தான்; 'ஃபிஷ்' என்று திருத்திக் கேட்டபோதுதான் ஒப்புக்கொண்டான்; ஒப்புக்கொண்டு சொன்னதும் 'ஃபிஸ்' என்றே. அவன் செவியில் வேறுபாடு தெளிவாக இருந்தது, நாக்குத்தான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் காது சரியாகத்தான் கேட்கிறது என்று முடிவுகட்டிவிடலாகாது. பேச்சொலிக் குறைபாடுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, பிறர் பேச்சிலும் அந்தக் குறிப்பிட்ட ஒலியின் எல்லை மங்கலாகவே இருக்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுப்பதுதான் தவறு.

எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஜான் லாக் 1980இல் சொன்ன வழி இன்றும் பயனுடையது: பொதுவான ஒலிச் சோதனைகளால் பெரிதாக ஒன்றும் தெரியாது, அந்தப் பிள்ளை எந்த ஒலியை எதுவாக மாற்றுகிறதோ அந்த இரண்டையும் வைத்தே சோதிக்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. காக்காவின் படத்தைக் காட்டி, உதட்டசைவு தெரியாதபடி ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு, ஒருமுறை "காக்கா" என்றும் மற்றொருமுறை "தாத்தா" என்றும் மாற்றி மாற்றிச் சொல்லி, நான் சொன்னது சரியா தப்பா என்று கேட்க வேண்டும். "தாத்தா" என்றதும் பிள்ளை சிரித்தாலோ மறுத்தாலோ அதன் செவி அந்த ஒலியில் தெளிவாக இருக்கிறது; நாக்குக்குத்தான் வழிகாட்ட வேண்டும். காக்காவைத் "தாத்தா" என்றாலும் தலையாட்டி ஏற்றுக்கொண்டால், முதலில் கேட்கக் கற்றுத்தர வேண்டும். ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு செய்யக் கூடாது. ஆசிரியரைத் திருப்திப்படுத்த எல்லாவற்றுக்கும் "சரி" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. ஆகையால் பல சொற்களைக் கொண்டு, வெவ்வேறு நாள்களில், முடிந்தால் வேறொருவர் குரலிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். காக்காவை "மாடு" என்றால் மறுக்கும் பிள்ளை "தாத்தா" என்றால் ஏற்றுக்கொள்ளும். நுட்பம் அங்கேதான் இருக்கிறது.

கேட்கக் கற்றுத்தருவது என்பது புதிய சிந்தனையும் அன்று. தம் இளமையில் திக்குவாயால் துன்புற்றுப் பின்னர் அமெரிக்காவில் பேச்சுப் பயிற்சித் துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவரான சார்லஸ் வான் ரைப்பர், 1939இல் வெளியிட்ட தம் நூலிலேயே, ஒலியைச் சொல்ல வைக்குமுன் செவியைப் பழக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். இடையில் அது வழக்கொழிந்தது. செவிப்பயிற்சி நேர விரயம் என்று கருதியவர்கள் பலர். 1994இல் சூசன் ரவாச்சூ வெளியிட்ட ஆய்வு அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 'ஷ்' ஒலி வராத பாலர் வயதுப் பிள்ளைகளுக்கு, அந்த ஒலியில் தொடங்கும் ஒரு சொல்லைப் பலர் சரியாகவும் பிழையாகவும் சொன்ன பதிவுகளைக் கேட்டுப் பிரித்தறியும் பயிற்சியையும், உச்சரிப்புப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தபோது, தொடர்பில்லாத சொற்களைக் கேட்ட பிள்ளைகளைவிட அவர்கள் அந்த ஒலியை நன்றாகக் கற்றார்கள். சரியான வடிவத்தை மட்டுமன்றிப் பிழையான வடிவங்களையும் பல குரல்களில் கேட்பதால்தான் அந்த ஒலியின் எல்லை எதுவரை என்று செவிக்குப் பிடிபடுகிறது. செவிப்பயிற்சி தனியாக நின்று எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது உச்சரிப்புப் பயிற்சிக்குத் துணை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்பதே தெரிய வேண்டும். சளி பிடித்துப் பிடித்து விடும் பிள்ளைகளுக்குக் காதுப்பறையின் பின்னால் நீர் தேங்குவது பள்ளிக்கு முந்தைய வயதில் மிகச் சாதாரணம். வலி இருக்காது, சீழ் வடியாது, கேட்கும் திறன் மட்டும் குறைந்திருக்கும். அதுவும் ஒரு வாரம் குறைந்து மறுவாரம் தேறும். அதனால்தான் பெற்றோர், "இனிப்பு வேண்டுமா என்றால் கேட்கிறது, படி என்றால் கேட்கவில்லை" என்று பிள்ளையைக் குறை சொல்கிறார்கள். உச்ச அதிர்வெண்ணில் கேட்கும் திறன் குறைந்த பிள்ளைகளுக்கோ ஸகரம், ஷகரம் போன்ற மெல்லிய ஒலிகள் காதில் விழாமலே போய்விடும். பேச்சு தெளியாத எந்தப் பிள்ளைக்கும் முதல் வேலை செவித்திறன் பரிசோதனையே. அரசாங்கக் கிளினிக்கில் குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டைக் காட்டும்போதே தாய்மார்கள் இதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். பள்ளிக்கூடம் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பேச்சு தெளிய வேண்டும் என்று வசம்பைச் சுட்டு உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அன்பினால் செய்வதுதான் என்றாலும், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனைத் தரவே கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்துகள் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கடுமையான நோயைத் தரலாம். நாக்கின் அடியிலுள்ள சவ்வை வெட்டினால் பேச்சு வந்துவிடும் என்று அலைபவர்களும் உண்டு. பேச்சொலிக் குறைபாடுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நாக்கில் எந்தக் குறையும் இல்லை. மெழுகுவர்த்தியை ஊதுவது, ஊதல் ஊதுவது போன்ற வாய்ப்பயிற்சிகளால் பேச்சொலிகள் திருந்தும் என்பதற்கும் போதிய சான்று கிடைக்கவில்லை. கைப்பேசியில் தமிழ்ப் பாடல்களை ஓடவிட்டால் பிள்ளை கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பட்ரீசியா கூல் என்பவரும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாட்டை நேரில் பேசி விளையாடிய ஆளிடமிருந்து கற்றன. அதே ஆளைத் திரையில் பார்த்தும் ஒலிப்பதிவில் கேட்டும் இருந்த குழந்தைகள் கற்கவில்லை. விடியுமுன் செம்பனைக் காட்டுக்குப் போய் மாலையில் ஓய்ந்து திரும்பும் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் முன்பு தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் ஒரு கிழவியாவது பிள்ளையை மடியில் போட்டு அதன் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள் என்பதையும் மறக்க முடியவில்லை.

இனி, உதவி எங்கே கிடைக்கும் என்ற கேள்வி. நம் நாட்டில் பேச்சுப் பயிற்சிக்கான பட்டப்படிப்பை மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கியது. 2016ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம், பேச்சுப் பயிற்சியாளரைத் தன் கீழ் வரும் தொழிலர்களுள் ஒருவராக ஏற்றுள்ளது. மாற்றுத் திறனாளிகளுக்கான ஓக்கேயூ அட்டையிலும் பேச்சுக் குறைபாடு தனிப் பிரிவாக இருக்கிறது. சட்டமும் படிப்பும் வந்துவிட்டன. தோட்டத்துப் பிள்ளையிடம் அவை இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. எனக்குத் தெரிந்த குடும்பங்கள் பயிற்சிக்காக வெளியூர் மருத்துவமனைக்குத்தான் போகின்றன. ஒரு முறை போய்வர ஒரு நாள் கூலி போய்விடும், அடுத்த முறைக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டும். அங்கும் பிள்ளையைப் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் சோதிக்கிறார்கள். சோதிப்பவர்களின் அக்கறையை நான் ஐயுறவில்லை. ஆனால் மூன்று லகர ளகர ழகரங்களும், இரண்டு ரகர றகரங்களும், நுனிநாக்கை மடித்து ஒலிக்கும் டகர ணகரங்களும் உள்ள ஒரு மொழியைப் பேசும் பிள்ளையின் குறையை, அந்த ஒலி வேறுபாடுகள் இல்லாத மொழியில் சோதித்தால் பாதிதான் தெரியும். வழக்குமொழியால் வரும் வேறுபாட்டைக் குறைபாடு என்று எழுதிவிடவும், உண்மையான குறைபாட்டைத் 'தமிழ்ப்பிள்ளை, அப்படித்தான் பேசும்' என்று விட்டுவிடவும் அங்கே இடமுண்டு.

தமிழகத்துப் பிள்ளைகளுக்கென்று தொகுக்கும் சொற்பட்டியலை அப்படியே எடுத்து இங்கே பயன்படுத்தவும் முடியாது. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த படங்கள் வேறு. ரம்புத்தானும் லோரியும் செம்பனையும் அதில் இருக்க வேண்டும். மலாயா பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையும், தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிப்போரும், பேச்சுப் பயிற்சித் துறையினரோடு கூடி, மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளின் ஒலி வளர்ச்சியை வயதுவாரியாக ஆராய்ந்து, அந்த அளவுகோலைப் பள்ளிகளுக்கும் கிளினிக்குகளுக்கும் தர வேண்டும் என்று இக்கடிதத்தின் வழி கேட்டுக்கொள்கிறேன். தமிழ் பேசும் இளையோர், குறிப்பாகத் தோட்டப்புறத்திலிருந்து எஸ்.டி.பி.எம். என்ற பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வை முடித்து மேற்படிப்பைத் தேடும் பிள்ளைகள், இத்துறையையும் ஒரு வாய்ப்பாகப் பார்க்கும்படி பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் எடுத்துச்சொல்லலாம்.

இந்த அவசரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்கும் காலம்வரை பேச்சொலிக் குறைபாடு நீடித்தால், வாசிப்பிலும் எழுத்திலும் பின்தங்கும் வாய்ப்பு கூடுகிறது. ககரமும் தகரமும் செவியில் பிரியாத பிள்ளைக்கு 'க'வும் 'த'வும் கரும்பலகையில் இரண்டு வடிவங்களாக மட்டுமே தெரியும். குறைநீக்கல் வகுப்புக்கு அந்தப் பிள்ளை வந்து சேரும்போது, முன்பே செய்திருக்கக்கூடிய வேலையைத்தான் நாங்கள் தொடங்குகிறோம்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மாணவர் பகுதியில் வாரம் ஓர் இணைப்படம் வெளியிட இடம் ஒதுக்குங்கள்: ஒரு வாரம் காயும் தாயும், மறுவாரம் கட்டும் தட்டும், அடுத்து வரையும் வலையும். கீழே, பெற்றோர் சொல்லும் சொல்லுக்குரிய படத்தைப் பிள்ளை விரலால் தொட வேண்டும் என்ற குறிப்பு மட்டும் போதும்; உச்சரிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். லயத்து வீட்டு முன்நடையான ஐந்தடியில் உட்கார்ந்து, நாளிதழை விரித்து வைத்து, ஒரு தாயோ தாத்தாவோ பத்து நிமிடம் இதைச் செய்ய முடியும். எந்தப் பிள்ளை எந்த இணையில் தடுமாறுகிறது என்று அவர்கள் குறித்துக் கொடுத்தால், ஆசிரியருக்கும் பயிற்சியாளருக்கும் அது பெரிய துணையாக இருக்கும். படங்களுக்கான சொற்களைத் திரட்டிக் கொடுக்க எங்கள் வட்டாரத்துக் குறைநீக்கல் ஆசிரியர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
குறைநீக்கல் ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்